வாடகையைப் பற்றி நம் எம்பிகளிடம் என்ன கேட்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வாடகைக்கு இருக்கும் தமிழர்களும், அவர்களுக்காகப் பேசலாமே என்று நினைக்கும் சொந்த வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் இருக்கிறது, மறைக்கவில்லை. வரவு செலவுத் திட்ட விவாதம் தொடங்கும் முன்பே, முடிந்தவரை அதிகமான எம்பிகளின் காதில் அவர்கள் தொகுதி மக்களின் வாடகைக் கதை விழுந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே கிட்டத்தட்ட எல்லாருக்கும் சொந்த வீடு இருக்கிறதே. வாடகை ஒரு பிரச்சினையா?

குடிமக்கள், நிரந்தரவாசிகள் குடும்பங்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது சொந்த வீட்டில் இருப்பது உண்மைதான். வாடகைக்கு இருப்பவர்களின் கஷ்டம் வெளியே தெரியாமல் போவதற்குக் காரணமும் அதுவே.

யார் வாடகைக்கு இருக்கிறார்கள் என்று பாருங்கள். மணமாகாதவர் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு வாங்க 35 வயது வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பெற்றோர் வீட்டில் இருக்க முடியாதவர் அறை எடுத்துத்தான் ஆக வேண்டும். பிடிஓ, அதாவது பதிவு செய்த பிறகு கட்டித் தரும் புது வீவக வீட்டுக்குக் காத்திருக்கும் இளம் தம்பதிகள் இருக்கிறார்கள். மணமுறிவுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளோடு நிற்கும் தாய்மார் இருக்கிறார்கள். ஜொகூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் மலேசியத் தமிழர்கள், திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வந்த குடும்பங்கள் என்று பட்டியல் நீளும். இவர்கள் ஒரே வகையினர் அல்ல, ஒருவரையொருவர் தெரியாது, இவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இங்கே வாக்குரிமை இருக்குமா என்பதே சந்தேகம். வாக்கு இல்லாதவர் குரல் நாடாளுமன்றம் வரை போய்ச் சேர வேண்டுமானால், வாக்கு உள்ள நாம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும்.

உண்மையில் எவ்வளவு ஏறியது?

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 2022இல் மட்டும் 29.7 விழுக்காடு ஏறியது. 2023இல் மேலும் 8.7 விழுக்காடு. 2024இல் 1.9 விழுக்காடு இறங்கியது. 2021 முடிவில் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்த ஒருவரின் வாடகை இதே கணக்கில் போயிருந்தால், 2024 முடிவில் ஏறத்தாழ 2,770 வெள்ளி. அந்த மூன்று ஆண்டில் சம்பளம் அப்படி ஏறிய யாரையும் நான் சந்திக்கவில்லை.

வீவக வீடுகளும் அதே வழியில்தான் போயின. 2020 வாக்கில் 2,000 வெள்ளியை ஒட்டி இருந்த நாலறை வீட்டு வாடகை, இன்று பல நகரங்களில் 3,000 வெள்ளியைத் தாண்டி நிற்கிறது.

ஏன் ஏறியது? எல்லாம் சந்தை நிலவரம்தானே?

சந்தை ஒரு பகுதி. ஆனால் 2020க்குப் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2020 மார்ச்சில் மலேசிய எல்லை மூடப்பட்டதும், தினமும் ஜொகூரிலிருந்து வந்துபோன பலர் ஒரே இரவில் இங்கே அறை தேட வேண்டியதாயிற்று. கட்டுமானத் தளங்கள் நின்றன, ஆள் பற்றாக்குறை வந்தது, பிடிஓ வீடுகள் தாமதமாயின. சாவிக்குக் காத்திருந்தவர்கள் வாடகைக்குப் போனார்கள். 2022இல் எல்லைகள் திறந்ததும் வெளிநாட்டு ஊழியர்கள் திரும்பினார்கள்.

இதன் மேல் அரசின் முடிவுகளும் வந்து சேர்ந்தன. 2022 செப்டம்பர் 30 முதல், தனியார் வீட்டை விற்றவர் மானியமில்லாத மறுவிற்பனை வீவக வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அந்த 15 மாதமும் அவர்களில் பலர் வாடகை வீட்டில். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கட்டும் கூடுதல் முத்திரை வரி 30 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது. வாங்க நினைத்தவர்களில் ஒரு பகுதியினர் வாடகைக்குத் திரும்பியிருப்பார்கள். உரிமையாளர் குடியிருக்காத வீடுகளுக்கான சொத்து வரி 2023இலும் 2024இலும் உயர்ந்து, மேல்மட்டத்தில் 36 விழுக்காடு வரை போனது. வீட்டுக்காரர் அந்தச் சுமையில் ஒரு பங்கை யார் தலையில் வைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த விதிகள் தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டு விலையை அடக்க அவை தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வாங்குபவரைப் பாதுகாக்க எடுத்த முடிவின் செலவை வாடகைக்கு இருப்பவர் ஏற்றார். முடிவு எடுத்தவர்களிடம் அந்தச் செலவைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

இப்போது வாடகை அடங்கிவிட்டதே. இப்போது எதற்குக் கேட்க வேண்டும்?

2023 முதல் 2025 வரை ஏறத்தாழ 100,000 வீடுகள் கட்டி முடிக்கப்படும் என்று அரசு சொன்னது. அந்த வீடுகள் வந்ததால்தான் ஏற்றம் நின்றது. நல்ல விஷயம். ஆனால் ஏற்றம் நின்றதே தவிர வாடகை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. வாடகை பறந்துகொண்டிருக்கும்போது யாரும் நிதானமாகச் சட்டம் எழுத மாட்டார்கள். அமைதியான நேரத்தில்தான் அடுத்த ஏற்றத்துக்கு விதி எழுதி வைக்க முடியும்.

வாடகைக்கு உச்சவரம்பு வையுங்கள் என்று கேட்டால் போதாதா?

பலரும் முதலில் கேட்பது இதுதான். சிங்கப்பூருக்கு இது புதிதில்லை. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில், 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. ஏழைகளுக்கு அது தலைக்கு மேல் கூரையைக் காப்பாற்றிக் கொடுத்தது, அதை மறக்கக்கூடாது. ஆனால் வாடகை அற்பமாக நின்றுபோனதால் வீட்டுக்காரர்கள் பழுது பார்ப்பதை விட்டார்கள். பழைய கடைவீடுகளில் ஒரு மாடியைப் பலகை அடித்துப் பல அறைகளாக்கி, முதன்மை வாடகைதாரர் உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தார். நெரிசல் கூடியது, கட்டடங்கள் சிதைந்தன. சட்டம் 2001இல் நீக்கப்பட்டது.

வாடகைச் சிக்கலைத் தீர்த்தது அந்தச் சட்டத்தைவிட வீவகதான். 1960இல் தொடங்கியபோது அது வீடு விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. ஓரறைக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. சொந்தமாக வாங்கும் திட்டம் 1964இல்தான் வந்தது. பொது வாடகை வீடு என்பது இந்த நாட்டின் அடித்தளத்திலேயே இருந்த ஒன்று.

வெளிநாட்டு அனுபவமும் இரண்டு பக்கமும் பேசுகிறது. அமெரிக்காவில் செயின்ட் பால் நகரம் 2021இல் புதுக் கட்டடங்களையும் சேர்த்து ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வரம்பு போட்டது. கட்டட அனுமதி கேட்போர் எண்ணிக்கை விழுந்தது, அடுத்த ஆண்டே புதுக் கட்டடங்களுக்கு விலக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெர்லின் நகரத்தின் வாடகை வரம்பை 2021இல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஒரேகன் மாநிலம் 2019இலும், கலிஃபோர்னியா 2020 முதலும் வேறு பாதையில் போயின. வாடகையை நிறுத்தி வைக்கவில்லை, ஓர் ஆண்டில் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு மட்டும் எல்லை வைத்தன. கலிஃபோர்னியாவில் பணவீக்கத்தோடு 5 விழுக்காடு, எப்படியும் 10க்கு மேல் கூடாது. புதுக் கட்டடங்களுக்கு முதல் 15 ஆண்டு விலக்கு.

ஆகவே பழைய 1947 சட்டத்தைக் கேட்காதீர்கள். உடனே மறுத்துவிடுவார்கள், மறுப்பதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. அதிர்ச்சியைத் தடுக்கும் சட்டத்தைக் கேளுங்கள்.

சரி, குறிப்பாக என்ன கேட்பது?

முதலாவது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஏற்றும் வாடகைக்கு எல்லை. முதல் முறை வாடகையை வீட்டுக்காரரே தீர்மானிக்கட்டும். அதே குடும்பம் அதே வீட்டில் தொடரும்போது, பணவீக்கத்தோடு ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கூடவே, ஏற்றப்போகிறேன் என்று குறைந்தது மூன்று மாதம் முன்பாக எழுத்தில் சொல்ல வேண்டும். இன்று பலருக்கு ஒப்பந்தம் முடியும் தறுவாயில் வாட்ஸ்அப்பில் ஒரு எண் வருகிறது, அவ்வளவுதான். பிள்ளையின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, அதற்குள் வேறு வீடு கிடைக்காது, சொன்ன எண்ணுக்குத் தலையாட்டுவதைத் தவிர வழியில்லை.

இதில் ஓட்டை ஒன்று உண்டு, எம்பியும் அதைக் கேட்பார். ஏற்ற முடியாது என்றால் வீட்டுக்காரர் புதுப்பிக்கவே மறுத்து, புது ஆளுக்குக் கூடுதலாக விடுவாரே? விடுவார். அதனால் மறுப்பதற்குக் காரணம் இருக்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்து வர வேண்டும்: தானே குடிவருவது, விற்பது, பெரிய பழுது, வாடகை பாக்கி, இப்படி. ஒன்று இல்லாமல் மற்றது பயன்படாது.

இரண்டாவது, ஏற்றம் வரும்போது தானாகவே வரும் உதவி. இதற்கு முன்மாதிரி இங்கேயே இருக்கிறது. புது வீட்டுக்குக் காத்திருந்து, திறந்த சந்தையில் வீவக வீடோ அறையோ எடுத்த தகுதியுள்ள குடும்பங்களுக்கு 2024 ஜூலை முதல் மாதம் 300 வெள்ளி பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். 2025 ஜூன் வரை என்றிருந்ததை அந்த ஆண்டு டிசம்பர் வரை நீட்டித்தார்கள். நல்ல திட்டம், ஆனால் வந்தது ஏற்றத்தின் உச்சம் கடந்த பிறகு. வாடகைக் குறியீடு ஓர் ஆண்டில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் இந்தச் சீட்டு தானாகத் தொடங்க வேண்டும் என்று கேட்கலாம். குடும்ப வருமானம் 7,000 வெள்ளிக்குள் என்ற வரம்பையும் காத்திருப்போருக்கு மட்டும் என்ற நிபந்தனையையும் தளர்த்தி, 35 வயதுக்குட்பட்ட, வாடகை அறையில் இருக்கும் குறைந்த வருமானக் குடிமக்களையும் சேர்க்கச் சொல்லலாம்.

மூன்றாவது, டெபாசிட். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பது இங்கே வழக்கம். அந்தப் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. சுவரில் ஆணி அடித்த தடம், குளிர்சாதனப் பெட்டி சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று கடைசி நாளில் கழிப்பார்கள். இங்கிலாந்தில் 2007 முதல் டெபாசிட்டை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும், 2019 முதல் பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கவும் கூடாது. அரசுக்குச் செலவு அதிகம் இல்லாத சட்டம் இது. நான்கு கோரிக்கைகளில் எது முதலில் நிறைவேறும் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நான்காவது, பாகுபாடு. அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

'இந்தியர்களுக்கு இல்லை' என்று சொல்வதற்கும் வாடகை ஏறுவதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். பத்து வீட்டில் ஆறு வீட்டின் கதவு முதல் தொலைபேசி அழைப்பிலேயே மூடிவிட்டால், மீதி நாலுக்கு நம்மவர்கள் எல்லாரும் போட்டி போடுவோம். போட்டி கூடினால் வாடகை கூடும். "ரொம்பச் சமைப்பீர்களா?" என்ற கேள்விக்கு முன்னால் கூனிக்குறுகி நின்றவர் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டார். கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போடுவார். இங்கேயே பிறந்து வளர்ந்து தேசிய சேவை முடித்த தமிழ் இளைஞர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இது.

சொத்து முகவர்கள் இனப் பாகுபாடான விளம்பரம் போடக்கூடாது என்று அவர்களை ஒழுங்குபடுத்தும் சிஇஏ அமைப்பின் வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதனால் விளம்பரத்தில் வார்த்தை மறைந்திருக்கிறது, தொலைபேசியில் மறையவில்லை. வீட்டுக்காரர் இனத்தைக் காரணம் காட்டி மறுப்பதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. இதே நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலையில் இனம், மதம், நாடு, மொழி பார்க்கக் கூடாது என்று சட்டமே சொல்லும்போது, குடியிருக்கும் இடத்துக்கு மட்டும் ஏன் அந்த நியாயம் நீளக்கூடாது என்று கேளுங்கள். தன் வீட்டின் ஓர் அறையை விடுபவருக்கு விலக்கு வேண்டும் என்பார்கள். பேசலாம். முழு வீட்டை வியாபாரமாக விடுபவருக்கு விலக்குத் தேவையில்லை.

வெளிநாட்டவர் விகித வரம்பு என்கிறார்களே, அது வேறா?

வேறு. வீவக முழு வீட்டை வாடகைக்கு விடும்போது, மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு உண்டு. நிரம்பிவிட்டால் அந்த புளோக்கில் அவர்களுக்கு முழு வீடு கிடைக்காது, அறை எடுக்கலாம். ஒரே இடத்தில் குவிவதைத் தடுப்பதுதான் நோக்கம். இதை எடுக்கச் சொல்வதை நான் ஆதரிக்கவில்லை.

குறைந்த வருமானக் குடிமக்களுக்குத்தான் வீவக வாடகை வீடு இருக்கிறதே?

இருக்கிறது, அது இல்லாவிட்டால் பல குடும்பங்கள் தெருவில் நிற்கும். 26 வெள்ளியிலிருந்து 275 வெள்ளி வரை, வருமானத்துக்கும் அறைக்கும் ஏற்ப. ஆனால் தகுதி வரம்பைப் பாருங்கள். 2003இல் குடும்ப வருமான வரம்பு 800 வெள்ளியிலிருந்து 1,500 ஆனது. அதன்பின் இருபது ஆண்டுக்கு மேல் அந்த எண் அசையவில்லை. இதற்கிடையில் வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் முழுநேர உள்ளூர் ஊழியருக்கு 2024 ஜூலை முதல் குறைந்தது 1,600 வெள்ளி கொடுக்க வேண்டும் என்று அரசே விதித்தது. அதாவது ஒரே ஒருவர் அந்த அடிப்படைச் சம்பளத்தில் வேலை பார்த்தால் போதும், அவருடைய குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். வீவக ஒவ்வொருவர் நிலையையும் தனியாகப் பார்த்து விட்டுக்கொடுக்கிறது என்பது உண்மை. ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே எண்ணைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் எத்தனை பேர்? வரம்பைச் சம்பளத்தோடு இணைத்து ஒவ்வொரு ஆண்டும் திருத்த வேண்டும் என்று கேட்பதில் யாருக்கும் சங்கடம் இருக்க முடியாது.

முன்பு வீட்டை விற்றவர்கள் விண்ணப்பிக்க 30 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. மணமுறிவில் வீட்டை இழந்த தாய்மாருக்கு அந்தக் காலம் எப்படிப் போகும் என்பதை எம்பியிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு இது பொருந்துமா?

நேரடியாக இல்லை. கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் வொர்க் பர்மிட்டில் இருக்கும் மலேசியர் அல்லாதோர் வீவக வீடு வாடகைக்கு எடுக்க முடியாது. அவர்களுக்கு இடம் தர வேண்டியது முதலாளி. ஏழும் அதற்கு மேலும் படுக்கை உள்ள விடுதிகள் எல்லாம் 2023 ஏப்ரல் முதல் விடுதிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. அது தனிப் பேச்சு.

ஒரு வீட்டில் எட்டுப் பேர் தங்கலாம் என்று மாற்றினார்களே, அது உதவவில்லையா?

உறவில்லாதவர்கள் ஆறு பேர் என்றிருந்ததை, நாலறையும் அதற்கு மேலும் உள்ள வீவக வீடுகளுக்கும் 90 சதுர மீட்டருக்குக் குறையாத தனியார் வீடுகளுக்கும் 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டு ஆக்கினார்கள். தலைக்கு வாடகை குறைந்திருக்கும். கழிப்பறைக்கு வரிசையும் நீண்டிருக்கும். நெருக்கித் தங்கிச் சமாளிப்பதை நிரந்தரத் தீர்வாக ஏற்க எனக்கு மனமில்லை.

வீட்டுக்காரர்களிலும் நம்மவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டு, தன் ஐந்தறை வீட்டு வாடகையில் மருந்துச் செலவு பார்க்கும் பெரியவர்களும் உண்டு. மேலே சொன்ன கோரிக்கைகளில் எதுவும் அவர்கள் வாடகையைப் பிடுங்கவில்லை. வாடகை ஒழுங்காகக் கட்டும் குடும்பம் நீண்ட நாள் இருந்தால் அவர்களுக்கும் ஏஜென்ட் கமிஷன் மிச்சம், வீடு காலியாகக் கிடக்கும் மாதமும் மிச்சம். எம்பியிடம் போகும்போது ஒரு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால், அது நம் பேச்சுக்கு மிகப் பெரிய பலம்.

எங்கே போய்க் கேட்பது?

இங்கே மாநிலச் சட்டமன்றம் கிடையாது, ஒரே நாடாளுமன்றம்தான். எளிய வழி, உங்கள் தொகுதி எம்பியின் மக்கள் சந்திப்பு. வழக்கமாக வாரம் ஒரு மாலை, உங்கள் வட்டாரத்திலேயே நடக்கும். அங்கே பெரும்பாலோர் சொந்த விண்ணப்பத்துக்குக் கடிதம் வாங்கத்தான் போவார்கள். நீங்கள் உங்கள் கதையைச் சொல்லிவிட்டு, "இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்பீர்களா?" என்று சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் முக்கியம். இல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு கடிதம் கிடைக்கும், விதி அப்படியே இருக்கும்.

நேரமும் முக்கியம். பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டம், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு அமைச்சின் செலவு பற்றிய விவாதம். தேசிய வளர்ச்சி அமைச்சின் முறை வரும்போது எம்பிகள் பேசுவதற்கு விஷயம் தேடுவார்கள். ஜனவரிக்குள் உங்கள் கடிதம் போயிருக்க வேண்டும்.

முறையான மனுவும் கொடுக்கலாம். ஓர் எம்பி அதை அவையில் சமர்ப்பிக்க வேண்டும், பிறகு பொது மனுக்கள் குழுவுக்குப் போகும். இணையத்தில் கையெழுத்துச் சேர்ப்பது வேறு, இது வேறு.

அப்புறம், தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத எம்பி கொண்டுவரும் சட்ட முன்வரைவு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இப்படித்தான் வந்தது: நியமன எம்பியாக (தேர்தலில் நிற்காமல் நியமிக்கப்படுபவர்) இருந்த வால்டர் வூன் கொண்டுவந்து, 1995இல் நிறைவேறியது. பொதுப் பணம் செலவாகும் மசோதாவுக்கு அமைச்சர் வழியாக அதிபரின் பரிந்துரை வேண்டும் என்பதால், பற்றுச்சீட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. டெபாசிட் பாதுகாப்புக்கும் பாகுபாட்டுத் தடைக்கும் ஒத்துவரலாம். நியமன எம்பிகளுக்கும் எழுதுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

தமிழில் பேசலாமா?

தாராளமாக. அரசமைப்பின்படி நாடாளுமன்ற விவாதம் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கில் எதிலும் நடக்கலாம், உடனடி மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ் பேசும் எம்பி ஒருவர் வாடகைக் கேள்வியைத் தமிழிலேயே கேட்டால், செய்தியிலும் தமிழில் வரும், நம் வீடுகளில் பேச்சாகும். கடிதத்தை மட்டும் ஆங்கிலத்திலும் ஒரு படி வையுங்கள், அமைச்சுக்கு அனுப்ப வசதியாக இருக்கும்.

நான் குடிமகன் இல்லை. நான் கேட்கலாமா?

எம்பியைப் பார்க்கவோ அவருக்கு எழுதவோ தடையில்லை. பணிவாக, உங்கள் அனுபவத்தை மட்டும் சொல்லுங்கள். ஆனால் கூட்டம், பதாகை என்று எதிலும் கால் வைக்காதீர்கள். அனுமதியில்லாமல் பொது இடத்தில் ஒருவர் நின்றாலும் குற்றமாகலாம். ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் குடிமக்கள் கூட்டம் ஏற்பாடு செய்யலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம், மற்ற வெளிநாட்டவர் கூடாது. வேலை அனுமதியைப் பணயம் வைக்கிற காரியம் எதுவும் வேண்டாம். உங்கள் குடிமக்கள் நண்பரிடம் கதையைச் சொல்லுங்கள், அவர் கொண்டுபோகட்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

சுருக்கமாக, உங்கள் எண்களோடு. இப்படித் தொடங்கலாம்:

"மதிப்புக்குரிய எம்பி அவர்களுக்கு, நான் உங்கள் தொகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகை இவ்வளவிலிருந்து இவ்வளவாக உயர்ந்தது, எனக்கு இத்தனை நாள்தான் அவகாசம் கிடைத்தது. வீட்டு வருமானத்தில் இத்தனை பங்கு வாடகைக்குப் போகிறது. புதுப்பிக்கும்போது ஏற்றும் வாடகைக்கு எல்லையும், மூன்று மாத முன்னறிவிப்பும், டெபாசிட்டுக்குப் பாதுகாப்பும் சட்டமாக வருமா என்று தேசிய வளர்ச்சி அமைச்சரிடம் நீங்கள் கேட்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்."

எல்லாரும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்ப வேண்டாம். எண்களும் சம்பவமும் உங்களுடையதாக இருந்தால்தான் படிப்பார்கள். வீட்டுக்காரர் பெயர், ஏஜென்ட் பெயர் எழுதத் தேவையில்லை.

வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் வெளியேற்றிவிடுவாரோ?

இந்தப் பயம் நியாயமானது. ஒப்பந்தக் காலம் முடியும் வரை, நீங்கள் விதிகளை மீறாதவரை, அவர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. முடிந்த பிறகு புதுப்பிக்காமல் விடலாம். பயமிருந்தால் உங்கள் விவரத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று எம்பியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது பிரச்சினை முடிந்து வேறு வீடு போன பிறகு எழுதுங்கள். பழைய அனுபவமும் சாட்சியம்தான்.

சட்டம் வரும்வரை நான் என்ன செய்வது?

ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். சிஇஏ தயாரித்த மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது, அதையே கேளுங்கள். கையெழுத்திட்ட 14 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். நான்கு ஆண்டுக்குட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 என்று ஈராண்டு என்றால் 288 வெள்ளி. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. ஒரே ஏஜென்ட் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் ஆளாக இருக்கக்கூடாது. வீவக வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்கவும் கூடாது.

குடிபோகும் அன்றே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். டெபாசிட்டில் தகராறு வந்தால், ஈராண்டுக்கு மேற்படாத வீட்டு ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. வழக்கறிஞர் வேண்டாம். ஈராண்டுக்குள் போக வேண்டும்.

எம்பி "கவனத்தில் கொள்கிறோம்" என்று மட்டும் பதில் அனுப்பினால்?

அதற்கும் நன்றி சொல்லிவிட்டு, குறிப்பான கேள்வி ஒன்றை அனுப்புங்கள். எடுத்துக்காட்டாக: கடந்த மூன்று ஆண்டில் புதுப்பிக்கப்பட்ட வீவக வாடகை ஒப்பந்தங்களில் வாடகை சராசரியாக எத்தனை விழுக்காடு ஏறியது? வாடகை டெபாசிட் பற்றிச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கு ஆண்டுக்கு எத்தனை வழக்கு வருகிறது? இப்படி எண் கேட்கும் கேள்வியை எழுத்துமூலம் கேட்பது எம்பிக்கு எளிது. அமைச்சின் பதில் ஹன்சார்டு என்ற நாடாளுமன்றப் பேச்சுப் பதிவேட்டில் பதிவாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு, பக்கத்து புளோக்கில் வாடகைக்கு இருக்கும் இன்னொருவரையும் சேர்த்து, அடுத்த மக்கள் சந்திப்புக்குப் போங்கள்.